சிமிழ் இருந்த வீடு

ஜூன் 3, புதன்

காலைப் பூசையில் நானும் உபதேசியார் கஸ்பாரும்தான். கொரோனாவுக்காகக் கோயிலைப் பூட்டி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. முக்காலியின் மேல் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் போனைச் சாய்த்து வைத்து நேரலை விடுகிறோம். முடிந்தபின் எடுத்துப் பார்த்தால் எல்லோரும் 'ஆமென்' போட்டிருக்கிறார்கள். ஒரு புண்ணியவதி மட்டும், 'ஃபாதர் தலை தெரியவில்லை, கைதான் தெரிகிறது' என்று எழுதியிருக்கிறாள். பூசைக்குக் கை தெரிந்தால் போதும். இருந்தாலும் நாளைக்கு இன்னும் இரண்டு புத்தகம் வைக்கச் சொன்னேன்.

சமையல்கார அம்மா வருவதில்லை. சோற்றை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். மோர் ஊற்றித் தின்றாயிற்று. துணி துவைத்தேன், மழை வந்து மறுபடி நனைந்தது.

சாயங்காலம் ஆயர் இல்லத்திலிருந்து வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கை. அறுபது தாண்டிய குருக்களும் நோயுள்ளவர்களும் வீடுகளுக்குப் போவதைத் தவிர்க்கவும். எனக்கு அறுபத்திரண்டு, சர்க்கரையும் உண்டு. இரண்டு தடவை படித்தேன். தெளிவாகத்தான் இருக்கிறது.

ஜூன் 4, வியாழன்

லியோவைச் சென்னையில் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். குருமடத்தில் என் பக்கத்துக் கட்டில்காரன். வென்டிலேட்டர் வைத்திருக்கிறார்களாம். அவனுக்கும் சர்க்கரைதான்.

ஜூன் 5, வெள்ளி

முதல் வெள்ளி. மாதாமாதம் இந்த நாளில், படுக்கையில் கிடப்பவர்களின் வீடு தேடிப் போய் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுப்பது இந்தப் பங்கின் வழக்கம். மார்ச்சுக்குப் பிறகு நான் போகவில்லை. கீழத்தெருவில் மகள் பிரகாசி வீட்டில் கிடக்கும் சவரிராயன் மூன்று தடவை சொல்லி அனுப்பிவிட்டார். பழைய கொத்தனார், நம் மணிக்கூண்டைப் பூசியவர். உணவுக்குழாயில் புற்று. தஞ்சாவூரில் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக் கஞ்சி கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தொண்டை முழுசாக அடைப்பதற்குள் ஒரு தடவை நன்மை வாங்கிவிட வேண்டும் என்கிறார். நியாயந்தான்.

கஸ்பாரை அனுப்பினேன். நன்மை கொடுக்க ஆயரிடம் அனுமதி வாங்கியவன் அவன். அவன் கொடுத்தாலும் நான் கொடுத்தாலும் ஆண்டவர் ஒருவர்தான். சின்ன உலோகச் சிமிழில், பூசையில் ஆண்டவரின் உடலாகிவிட்ட ஓர் அப்பத்தை வைத்து, பையில் போட்டு அவன் கழுத்தில் மாட்டிவிட்டு, முகக்கவசத்தையும் சரிபண்ணி அனுப்பினேன்.

திரும்பி வந்தவன் கழுத்தில் சிமிழ் இல்லை.

"வாயத் தொறக்க மாட்டேனுட்டாரு சாமி. சாமி கையால குடுத்தா வாங்குறேன், இல்லாட்டி வேணாம்னு பல்லக் கடிச்சிக்கிட்டாரு. பிரகாசியும் சொல்லிப் பாத்துச்சு, நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

"சரி, சிமிழ் எங்கய்யா?"

"அங்கதான் சாமி. திருஇருதயப் படத்துக்குக் கீழ வெள்ளத்துணி விரிச்சி, விளக்கேத்தி வச்சிட்டு வந்தேன். நாளைக்கிச் சாமியே வந்து குடுப்பாங்கன்னு சொல்லிட்டேன். ஒரு நாளுக்காக எதுக்கு ஆண்டவரத் தூக்கிக்கிட்டுப் போவவும் வரவும் அலையணும்? வழியில போலீசு வேற நிக்கிறான், தொறந்து காட்டுங்கிறான்."

"யாரைக் கேட்டு நான் வருவேன்னு சொன்ன?"

"சாமி வராம என்ன" என்றான் கஸ்பார். கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறான்.

திட்டித் தீர்த்துவிட்டேன். இருபது வருஷமாக உபதேசியாராக இருக்கிறவனுக்கு, நற்கருணையை ஒரு வீட்டில் விட்டுவிட்டு வரக்கூடாது என்று தெரியாதா? மரியாதை என்று நினைத்துச் செய்துவிட்டான். மரியாதை முற்றினால் இப்படித்தான் ஆகும்.

கீழத்தெருவில் மூன்று பேருக்குத் தொற்று என்று சாயங்காலம் முடிவு வந்தது. விளக்கு வைப்பதற்குள் தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்துவிட்டார்கள். சிமிழ் உள்ளே இருக்கிறது.

ஜூன் 6, சனி

சுகாதார ஆய்வாளரிடம் போனில் பேசினேன். நல்ல மனிதர். "உள்ள போகலாம் ஃபாதர், நான் தடுக்கல. ஆனா போனா பதினாலு நாள் வெளிய விட மாட்டோம். உங்க வயசுக்கும் சுகருக்கும் நான் போங்கன்னு சொல்ல மாட்டேன்" என்றார். அவரே அப்படிச் சொல்லும்போது நான் என்ன செய்வது.

பிறகு சவரிராயன் மகள் பிரகாசியைக் கூப்பிட்டேன். "நீயே அப்பா வாயில வச்சிரும்மா. இந்த நேரத்துக்குத் தப்பில்ல, நான் சொல்றேன்."

"நேத்தே வச்சிப் பாத்தேன் சாமி. மூஞ்சத் திருப்பிக்கிட்டாரு."

"அப்ப ஒண்ணு பண்ணு. அதை நீயே உட்கொண்டுரு. வீட்டுல அப்படியே வச்சிருக்கக்கூடாது."

"எனக்குத்தான் கூடாதே சாமி" என்றாள்.

கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால், ஆட்டோ ஓட்டும் முருகேசனைப் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டவள் இவள். அவன் இந்து. கோயிலில் நடக்காத கல்யாணம், அதனால் இவள் நன்மை வாங்கக்கூடாது. பாஸ்கா (ஈஸ்டர்) முடிந்து வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கப் போகும்போது அந்த வீட்டைத் தாண்டிப் போவோம். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார், நானும் அப்படியே செய்கிறேன். சவரிராயன் மேலத்தெருவில் தனியாகத்தான் இருந்தார். மார்ச்சில் எழுந்திருக்க முடியாமல் போனதும் அவள்தான் வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

ஆக, கிழவர் வாங்க மாட்டார். மகள் வாங்கக்கூடாது. மருமகன் ஞானஸ்நானமே பெறாதவன். மூன்று பேருக்கு நடுவில் ஆண்டவர் மாட்டிக்கொண்டார்.

"கஞ்சி இறங்குதா?" என்று கேட்டேன்.

"ஒரு டம்ளர் குடிக்கிறாரு சாமி. மெதுவா."

ஒரு டம்ளர் என்றால் அவசரம் ஒன்றும் இல்லை.

ஜூன் 7, ஞாயிறு

மூவொரு கடவுள் பெருவிழா. பிரசங்கம் எடுபடவில்லை. நடுவில் மின்சாரம் போய் நேரலையும் அறுந்தது. அதனால் என் பிரசங்கம் நன்றாக இருந்தது என்று நாலு பேர் நினைத்திருக்கலாம்.

காலையில் காபித் தூளை முகர்ந்து பார்த்தேன். வாசனை வந்தது. சும்மாதான் பார்த்தேன்.

ஜூன் 8, திங்கள்

முருகேசன் போன் செய்தான். இதுவரை அவன் என்னிடம் பேசியதே இல்லை.

"ஃபாதர், ஒரு சந்தேகம். சாமி வீட்ல இருக்கிறப்ப மீன் சமைக்கலாமா?"

சமைக்கலாம் என்றேன்.

"இல்ல, நாங்க வெள்ளிக்கிழமையிலேர்ந்து கவுச்சி சேக்கல. மாமா இருக்கிற ரூமுலதான் சாமியும் இருக்காரு. குளிச்சிட்டுத்தான் உள்ள போறோம். ராத்திரி அந்தப் பக்கம் கால் நீட்டிப் படுக்க மனசு வரல, நான் ஆட்டோவுலயே படுத்துக்குறேன். விளக்கு மட்டும் அணையாமப் பாத்துக்குறோம். வேற எதாவது செய்யணுமா ஃபாதர்? முறை எதும் தப்பிடக்கூடாது."

வேறு ஒன்றும் வேண்டாம் என்றேன். நன்றாகத் தூங்கு என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கோயிலில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் முழங்கால் போடாமல் குறுக்கே நடக்கிற பங்குப் பேரவைக்காரர்களை எனக்குத் தெரியும். யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

கஞ்சி அரை டம்ளர்தானாம்.

ஜூன் 9, செவ்வாய்

சவரிராயனே பேசினார். குரல் இல்லை, வெறும் காற்றுதான் வருகிறது. பிரகாசி போனை அவர் வாயருகே பிடித்திருக்க வேண்டும்.

"பெரியவரே, எதுக்கு இந்தப் பிடிவாதம்? கஸ்பார் கையால வாங்கினா குறைஞ்சா போயிருவீங்க?" என்றேன்.

"நான் ஒண்ணும் பெரிய பக்திமான் இல்ல சாமி. ஒங்களுக்கே தெரியும்" என்றார். மூச்சு வாங்கியது. "எம்மவ வீட்டுப் படிய நீங்க ஏறணும். ஊரு பாக்கணும். அவ்ளோதான்."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அதுக்கு ஆண்டவரையே புடிச்சி வச்சிக்குவீங்களா?"

"வேற யாரப் புடிச்சா நீங்க வருவீங்க" என்றார்.

போனை வைத்துவிட்டேன். சாகக் கிடக்கிற மனிதர், நற்கருணையை வைத்து என்னிடம் பேரம் பேசுகிறார். நாற்பது வருஷம் கூலி பேசிப் பழகிய வாய். இந்த வீம்புக்கெல்லாம் ஒரு பங்குச் சாமியார் ஆடிக்கொண்டிருக்க முடியாது. சுற்றறிக்கை இருக்கிறது. ஆய்வாளர் சொன்னதும் இருக்கிறது.

கோழிக்குத் தண்ணீர் வைக்க மறந்துவிட்டேன். சாயங்காலம்தான் நினைவு வந்தது.

ஜூன் 10, புதன்

இன்று ஆய்வாளர் அவராகவே கூப்பிட்டார். "ஃபாதர், தகரத்துக்கு முன்னால தினம் ஒருத்தர் முட்டி போட்டுக்கிட்டு நிக்கிறாராம். அவரப் பாத்து இன்னும் நாலஞ்சு பேரு வர ஆரம்பிச்சிட்டாங்க. கூட்டம் கூடினா எனக்குத்தான் மெமோ வரும்."

கஸ்பார்தான். கேட்டால் மறைக்கவில்லை. "என்னாலதான சாமி ஆண்டவரு அங்க இருக்காரு. நான் போயி நிக்காம வேற யாரு நிப்பா" என்கிறான். உள்ளே இருப்பவர்களும் சாயங்காலம் செபமாலை நேரத்துக்கு அவரவர் வாசலில் வந்து உட்கார்ந்து, பிரகாசி வீட்டைப் பார்த்துச் செபம் சொல்கிறார்களாம். ஏழு வருஷமாக அவள் வீட்டுப் பால் பாத்திரத்தைக்கூடத் தொடாத ஆரோக்கியமேரி, தன் வாசலில் நின்றுகொண்டு, "அடியே பிரகாசி, விளக்குக்கு எண்ணெ இருக்கா?" என்று கேட்டாளாம். இதைச் சொல்லும்போது கஸ்பாருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இனிமேல் தகரத்துப் பக்கம் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். "சரி சாமி" என்றான். அங்கேயே நின்றான். பிறகு, "சாமி எப்ப போறீங்க?" என்றான்.

"ஞாயித்துக்கிழமை நற்கருணைப் பெருவிழா இருக்கு. முடியட்டும், பாப்போம்."

"இன்னைக்கு மூணு கரண்டிதான் இறங்குச்சாம் சாமி."

எனக்குத் தெரியாதா? மணிக்கு ஒருதரம் வந்து கரண்டிக் கணக்குச் சொல்ல வேண்டுமா? கத்திவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். எதற்குக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. முட்டி வலி, தூக்கமும் சரியில்லை.

ஜூன் 11, வியாழன்

லியோ போய்விட்டான். விடிகாலையில்.

புதைக்கும்போது ஒரே ஒரு குருவை விட்டார்களாம், அவரும் எட்டத்தில்தான் நிற்க வேண்டியிருந்ததாம். கவச உடை போட்டவர்கள் கயிற்றில் இறக்கினார்கள். வீடியோ அனுப்பியிருந்தார்கள். பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவன் ஒரு நோயாளியைப் பார்க்கப் போய்த்தான் தொற்றிக்கொண்டான் என்று சொல்கிறார்கள். உறுதியாகத் தெரியாது.

பூசையை அவனுக்காக ஒப்புக்கொடுத்தேன். நேரலை விடவில்லை. பிறகு சாம்பிராணி டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். காபித் தூளையும் முகர்ந்தேன்.

ஜூன் 12, வெள்ளி

முருகேசன் மறுபடி கூப்பிட்டான். மாமனாருக்குக் கஞ்சி இறங்குவதில்லை, சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம் என்றான். அதையும் ஒருபக்கம் துப்பிவிடுகிறாராம்.

வேலையைப் பற்றிச் சொன்னேன். ஞாயிறு பெருவிழா, அதற்கான ஏற்பாடு, ஆயர் இல்லத்தில் கேட்க வேண்டியது. அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"ஃபாதர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குப் பயமா இருக்கா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை அவன். சாப்பிட்டீர்களா என்று கேட்பதுபோலத்தான் கேட்டான்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு ஃபாதர். பக்கத்து வீட்டுலயே ரெண்டு பேரத் தூக்கிட்டுப் போனாங்க. இவளுக்கு எதாவது ஆயிருச்சுன்னா என்ன பண்ணுவேன்னு தெரியல. அதான் கேட்டேன். பயம்னா சொல்லிருங்க, நான் மாமாகிட்ட எடுத்துச் சொல்லிக்கிறேன். வருவாரு வருவாருன்னு வாசலயே பாத்துக்கிட்டிருக்காரு."

ஒரு குருவிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரியாதா, வைத்துவிடு போனை என்றேன். அவன் "சரிங்க ஃபாதர்" என்று வைத்துவிட்டான்.

ஜூன் 13, சனி

முருகேசன் கேட்டதற்குப் பதில்: ஆமாம்.

ஜூன் 14, ஞாயிறு

கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா. இதைப் பிரகாசி வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மற்ற வருஷங்களில் இன்று நற்கருணைப் பவனி இருக்கும். வெள்ளைக் குடைக்குக் கீழே நான் நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தை ஏந்திக்கொண்டு எல்லாத் தெருக்களிலும் நடப்பேன். பிள்ளைகள் பூ இறைப்பார்கள். இந்த வருஷம் காலியான கோயிலில், அடுக்கி வைத்த பாட்டுப் புத்தகங்களைப் பார்த்துக் கதிர்ப்பாத்திரத்தைத் தூக்கி ஆசீர் கொடுத்தேன். கிழக்குப் பக்கம் திரும்பியபோது மட்டும் பாத்திரத்தைச் சீக்கிரம் இறக்கிவிட்டேன். கிழக்கேதான் கீழத்தெரு.

பூசைக்கு முன்னாலேயே பிரகாசி சொல்லியிருந்தாள். "ராத்திரியிலேர்ந்து தண்ணிகூட இறங்கல சாமி." அழவில்லை. வரச் சொல்லியும் கேட்கவில்லை. இனிமேல் கேட்டுப் பயனில்லை என்று முடிவு செய்துவிட்ட குரல் அது.

பூசை உடைகளைக் கழற்றி மடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு சர்க்கரை மாத்திரை, இரண்டு அங்கி, துண்டு, நோயாளிகளுக்குப் பூசும் எண்ணெய், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன். கஸ்பாரிடம் கோயில் சாவியைக் கொடுத்தேன். ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டான். பிறகு பையையும் வாங்கிக்கொண்டு தகரம் வரைக்கும் நடந்து வந்தான்.

காவலர் பெயரை எழுதிக்கொண்டு தகரத்தை விலக்கினார். தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள். ஆரோக்கியமேரி மட்டும் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பிரகாசி வீட்டு வாசலிலிருந்து உள்ளறை வரைக்கும் வெள்ளை வேட்டி விரித்திருந்தது. முருகேசனுடைய வேட்டி, கல்யாணத்துக்கு எடுத்ததாம். செருப்பை விட்டுவிட்டு அதன் மேல் நடந்தேன். நடக்கக் கூசியது. ஆண்டவர் ஒன்பது நாளாக உள்ளே இருக்கிறார், நான் கையில் கொண்டுபோனது மாத்திரைப் பைதான்.

மூன்று படி. ஏறினேன்.

சவரிராயன் கண் திறந்துதான் இருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். அங்கே தெரு முழுக்க எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மனிதர் சிரித்தார். பல் தெரியச் சிரிக்க அவருக்குத் தெம்பில்லை, ஆனால் சிரிப்புதான் அது.

பாவமன்னிப்புக் கொடுத்தேன். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினேன். திருஇருதயப் படத்துக்குக் கீழே முழங்கால் போட்டுவிட்டுச் சிமிழைத் திறந்தேன். தூசி இல்லை. சுற்றி மல்லிகைப்பூ, தினமும் புதிதாக வைத்திருக்கிறார்கள். அப்பத்தில் கடுகளவு கிள்ளி, கரண்டித் தண்ணீரில் போட்டு அவர் உதட்டில் வைத்தேன். வாயை நன்றாகத் திறந்தார். என் கையால்தான் கொடுக்கிறேன். அவர் கேட்டது அதைத்தானே.

இறங்கவில்லை. தொண்டை எழும்பியது, முக்கினார், கண்ணில் நீர் வந்தது. தண்ணீர் கரண்டிக்கே திரும்பி வந்துவிட்டது. ஒரு நிமிஷம் விட்டு மறுபடி பார்த்தேன். மறுபடியும் அப்படித்தான். மூன்றாம் தடவை அவரே தலையை அசைத்து வேண்டாம் என்றார்.

முதல் வெள்ளியன்றே நான் வந்திருந்தால் ஒரு டம்ளர் கஞ்சி குடிக்கிற தொண்டை இது. மறுநாள் வந்திருந்தாலும் போதும். செவ்வாய்க்கிழமை வந்திருந்தால்கூட இறங்கியிருக்கும். நான் பயந்துகொண்டு கோயிலில் உட்கார்ந்து காபித் தூளை முகர்ந்துகொண்டிருந்தேன். அதனால்தான் இறங்கவில்லை. வேறு காரணம் எதுவும் எழுதப் போவதில்லை.

அந்தக் கரண்டித் தண்ணீரை நான் குடித்தேன். மீதி அப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது சவரிராயன் கையை எடுத்தார். முழுசாகத் தூக்க முடியவில்லை, இரண்டு விரல் மட்டும் பாயை விட்டு எழும்பியது. பிரகாசியைக் காட்டினார்.

அவள் பின்னால் நகர்ந்தாள். சுவர் இடித்ததும் நின்றாள்.

"வேணாம் சாமி. எனக்குக் கூடாது."

அவருடைய விரல் இறங்கவில்லை. நடுங்கிக்கொண்டே அவளைக் காட்டியது.

"அப்பா, சும்மா இருப்பா. சாமிக்குச் சங்கடம் குடுக்காத."

"பிரகாசி, இங்க வா" என்றேன்.

"நீங்க பிற்பாடு வருத்தப்படுவீங்க சாமி. நான் பாவசங்கீர்த்தனம் பண்ணி ஏழு வருசம் ஆச்சு. கல்யாணமும் இன்னும் அப்படியேதான் இருக்கு. எனக்கு எல்லாம் தெரியும்."

"எனக்கும் தெரியும். வா."

வந்தாள். முழங்கால் போட்டாள். சமையல் கை என்று சொல்லிப் புடவையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். "கிறிஸ்துவின் உடல்" என்றேன். 'ஆமென்' சொல்ல வரவில்லை அவளுக்கு. உதடு அசைந்தது, அதுவே போதும் என்று நாக்கில் வைத்தேன். முருகேசன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க அழுதான்.

அவள் விழுங்குவதைச் சவரிராயன் பார்த்துக்கொண்டே இருந்தார். அது இறங்கியதும் அவர் தொண்டையும் ஒரு தடவை ஏறி இறங்கியது. நான் பார்த்தேன். பிறகுதான் விரலைப் பாயில் வைத்தார்.

ஜூன் 15, திங்கள்

முருகேசன் எனக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் படுத்தான். சாமிதான் இப்போது இல்லையே, உள்ளே வந்து படு என்றேன். "நீங்க இருக்கீங்களே ஃபாதர்" என்றான். சுத்தப் பைத்தியக்காரன். இன்றைக்கு அவனை மீன் வாங்கச் சொன்னேன், தகரத்து மேலாகக் கொடுத்தார்கள். பிரகாசி குழம்பு வைத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். சவரிராயன் தூங்கிக்கொண்டே இருக்கிறார்.

ஜூன் 16, செவ்வாய்

மத்தியானம் சவரிராயன் உயிர் பிரிந்தது. பிரகாசி மடியில். நான் செபம் சொல்லிக்கொண்டிருந்தேன். முருகேசன் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அனுமதி வாங்கி நாலு பேர் மட்டும் கல்லறைக்குப் போனோம். தெருவில் அவரவர் வாசலில் நின்று பாடினார்கள். வண்டி தகரத்தைத் தாண்டும்போது கோயில் மணி கேட்டது, கஸ்பார் அடித்தான். குழியில் மண் போடும்போது பிரகாசி என் பக்கத்தில் நின்றாள். திரும்பி வந்து எல்லோரும் குளித்தோம்.

ஜூன் 17, புதன்

லேசாகத் தொண்டை கரகரப்பு. ஆய்வாளர் நாளை வந்து பரிசோதனை எடுப்பார். வருவது வரட்டும்.

ஆயர் இல்லத்துக்கு நானே போன் செய்து, பிரகாசிக்கு நன்மை கொடுத்ததைச் சொல்லிவிட்டேன். அந்தக் கல்யாணத்தை முறைப்படுத்த என்னென்ன வேண்டும் என்றும் கேட்டேன். முதல் விஷயத்துக்கு எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். எழுதுகிறேன்.

சாயங்காலம் கஸ்பார் கூப்பிட்டான். கோழி முட்டை போட்டது, தண்ணீர் வைத்துவிட்டேன், கோயிலைக் கூட்டிவிட்டேன் என்று அதையும் இதையும் சொன்னான். சொல்ல வந்தது அது இல்லை என்று தெரிந்தது. விட்டேன்.

"சாமி, மூணு நாளா எனக்குத் தூக்கமில்ல. நான் அன்னைக்குச் சிமிழ விட்டுட்டு வந்தது... பெரியவரு கடைசியில நன்மை வாங்கிட்டாருல்ல?"

வாங்கினார் என்று சொல்லிவிட்டால் அவன் தூங்குவான். ஒரு நிமிஷம் அப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"இல்ல கஸ்பாரு. நான் போறதுக்குள்ள தொண்ட அடைச்சிருச்சு. அவரால வாங்க முடியல. அதுக்குக் காரணம் நான், நீ இல்ல."

"அப்ப சிமிழ்ல இருந்தது, சாமி?"

"பிரகாசிக்குக் குடுத்தேன். அவருதான் குடுக்கச் சொன்னாரு."

கஸ்பார் சட்டதிட்டம் பார்ப்பவன். நன்மை வாங்க வரிசையில் வருகிறவர்களில் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று எனக்குக் கண்ணைக் காட்டுகிறவனே அவன்தான். பிரகாசி கோயிலுக்கு வந்து கடைசித் தூண் பக்கம் நின்றிருந்தபோதெல்லாம் காட்டியிருக்கிறான்.

"அதுக்குக் குடுக்கக்கூடாதே சாமி" என்றான்.

"கூடாதுதான்."

வைத்துவிட்டானோ என்று நினைத்தேன்.

"அது வாங்குனத பெரியவரு பாத்தாரா?"

"பாத்தாரு."

"நல்லாப் பாத்தாரா சாமி?"

"நல்லாப் பாத்தாருய்யா. அது விழுங்குற வரைக்கும் பாத்தாரு."

"அப்ப சரி சாமி" என்றான் கஸ்பார்.